காணாமல் போன ஒரு சென்ட்

வடக்கே முப்பத்துநான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவன். ரிடையர் ஆனபின் இனிப் பரீட்சை என்று ஒன்று எனக்கு இருக்காது என்று நினைத்திருந்தேன். ஒன்று வந்தது. அது ஒரு சென்ட் நிலத்தைப் பற்றியது. நம் அங்கத்தினர்களில் பலர் மும்பை, டெல்லி, பெங்களூரு என்று இருந்துகொண்டு, ஊரில் ஒரு துண்டுப் பூர்வீக பூமியையும் அதன் ஆதாரக்கட்டையும் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு உபயோகப்படலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நேமத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பறம்பு உண்டு. தென்னையும் பலாவும் நிற்கிற தோட்டத்தை எங்கள் ஊரில் பறம்பு என்போம். கொல்லம் ஆண்டு 1120-ல், அதாவது 1944-45 வாக்கில், தாத்தாவின் சகோதரர்களுக்குள் பாகம் பிரிந்தபோது எங்கள் பங்குக்கு வந்தது. பாகப்பத்திரத்தில் '20 சென்ட்' என்று எழுதி, நான்கு அதிரும் சொல்லியிருக்கிறது. கிழக்குப் பக்கத்துப் பங்கு பின்னால் கைமாறி ஒரு மலையாளக் குடும்பத்துக்குப் போயிற்று.

எழுபதுகளில் யாரோ ஒருவர் அளந்து பார்த்து, "உங்களுக்குப் பத்தொன்பது சென்ட்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. கிழக்கு வேலியின் நீளம் 102 அடி. ஒன்றை ஒன்றால் வகுத்தால் நான்கடி சொச்சம் வருகிறது. "வேலியை நாலடி தள்ளிப் போட்டுட்டான்" என்று அப்பா முடிவு கட்டினார். அன்றோடு அடுத்த வீட்டாருடன் பேச்சு நின்றது. கல்யாணம், சாவு எதற்கும் போக்குவரத்து இல்லை. அப்பா 1998-ல் காலமானார். அடுத்த வீட்டுப் பெரியவர் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

சமீபத்தில், பெங்களூருவில் இருக்கும் என் தம்பி அந்தப் பறம்பை விற்றுவிடலாம் என்றான். விற்பதற்கு முன் அளக்க வேண்டாமா? லீவுக்கு வந்திருந்த பத்தாம் கிளாஸ் பேரனை அழைத்துக்கொண்டு, ஒரு நூறடி டேப்பும் நான்கு முளைக்குச்சியுமாகப் போனேன்.

நாங்கள் அளந்ததைச் சொல்லுமுன், இந்த ஊரில் நிலம் அளந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சண்டையின் வேர் அதில்தான் இருக்கிறது.

வானத்தை அளந்தவர்கள்

திரிகோணமிதி நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு அல்ல. ஆரியபடர் 499-ல் எழுதிய ஆரியபடீயத்தில் 24 ஜ்யாக்களுக்கான கணக்கு இருக்கிறது. ஜ்யா என்றால் வில்லின் நாண். வட்டத்தின் ஒரு பகுதியை வில்லாகப் பாவித்து, அதன் இரு முனைகளையும் சேர்க்கும் கோட்டை நாண் என்றார்கள். அந்த நாணில் பாதியே கணக்குக்கு வசதி என்று கண்டுகொண்டு, அந்தப் பாதியையே ஜ்யா என்று சொல்லும் வழக்கம் வந்தது. ஜ்யாவுக்கு ஜீவா என்றும் பெயர். அது அரபு மொழிக்குப் போய், எழுத்து மாறாட்டத்தில் வேறு ஒரு சொல்லாகப் படிக்கப்பட்டு, லத்தீனில் 'சைனஸ்' ஆகி, இன்று நம் பேரக் குழந்தைகளின் புஸ்தகத்தில் 'சைன்' என்று திரும்பி வந்திருக்கிறது.

இந்த வித்தை உச்சத்துக்குப் போனது கேரளத்தில்தான். இரிஞ்ஞாலக்குடா பக்கத்து சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைனுக்கு முடிவில்லாத தொடர் கண்டார். அவர் வழி வந்த ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்திலேயே 'யுக்திபாஷா' எழுதி, அவற்றுக்கெல்லாம் உபபத்தி சொன்னார். ஐரோப்பாவில் நியூட்டனும் கிரெகரியும் இந்தத் தொடர்களுக்கு வந்து சேர்ந்தது பதினேழாம் நூற்றாண்டில்.

இவ்வளவு நுட்பமும் எதற்குப் பயன்பட்டது? கிரகணம் எப்போது பிடிக்கும், கிரகம் எங்கே நிற்கும், பஞ்சாங்கம் சரியா என்று பார்க்க. வயலுக்கு அது இறங்கவில்லை. வயலை விதையால் அளந்தார்கள். இத்தனை பறை விதைப்பாடு என்பது மலையாளக் கணக்கு. தெற்கே நாஞ்சில் நாட்டில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு. ஒரு வயலில் எவ்வளவு விதை நெல் விதைக்கலாமோ அதுவே அதன் அளவு. இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. விளைச்சலில் பங்கு வாங்குகிறவனுக்குச் சதுர அடியைவிட விதைக் கணக்கே அதிகம் சொல்லும்.

மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1739-ல், பள்ளிச்சல் மல்லன் சங்கரன் என்ற அதிகாரி நாட்டின் நிலவரியை ஒழுங்குபடுத்தினார். அதற்குப் பிறகும் சில தடவை 'கண்டெழுத்து' நடந்தது. பெயரே சொல்கிறது பாருங்கள்: கண்டு எழுதுவது. வயலுக்கு விதை, பறம்புக்கு மரத்தின் எண்ணிக்கை, மற்றபடி பெரும்பாலும் கண்மதிப்பு.

தமிழ் தேசத்தில் கோலால் அளக்கும் பழக்கம் முன்பே இருந்தது. ராஜராஜ சோழன் காலத்தில், 1001-ஐ ஒட்டி, சோழ மண்டலம் முழுவதும் அளக்கப்பட்டது. அளந்த அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்றே பட்டம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அதற்குக் கீழே முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320-ல் ஒரு பங்கு.

முக்கோணம் பூமிக்கு இறங்கியது

பூமியை முக்கோணங்களால் அளக்கும் பெருவேலை நம் பக்கத்தில் 1802-ல் ஆரம்பித்தது. வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை பரங்கிமலையருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைச் சங்கிலியால் மிகக் கவனமாக அளந்தார். அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்தால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்றையோ கோபுரத்தையோ பார்த்துக் கோணம் எடுத்தால், மற்ற இரண்டு பக்கமும் சைன் விதிப்படி கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது என்று, கன்னியாகுமரி பக்கத்திலிருந்து இமயமலை வரை போயிற்று. அவருடைய தியோடலைட் கருவியின் எடை அரை டன். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமாயிற்று. மனிதர் தளரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து நெளிந்த பாகங்களைத் தம் மேற்பார்வையிலேயே நேராக்கி மீண்டும் வேலையைத் தொடங்கினார்.

திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்கள் அளந்து படம் போட்டார்கள். மலை, ஆறு, ஊர், கோயில் எல்லாம் அதில் வந்தன. தனித்தனி வயல் வரவில்லை. 1837-ல் ஸ்வாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானியல் நோக்குக்கூடம் நிறுவினார். நட்சத்திரம் பார்க்கும் அந்தக் கூடம் குன்றின் மேல் இன்றும் இருக்கிறது. வயல் காத்திருந்தது.

அதன் முறை 1883-ல் வந்தது. விசாகம் திருநாள் மகாராஜாவிடம் திவானாக இருந்த வெம்பாக்கம் ராமய்யங்கார் நிலஅளவையைத் தொடங்கி வைத்தார். 1886-ல் மூலம் திருநாள் மகாராஜாவின் செட்டில்மென்ட் விளம்பரம் வந்தது. முழு நாட்டையும் அளந்து முடிக்க 1911 ஆயிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் சர்வே நம்பர், படம், ஏக்கர்-சென்ட் கணக்கு எல்லாம் அதில் வந்தவை. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலூக்காக்களின் பழைய நில ரிக்கார்டுக்கும் மூலம் இதுவே. நாஞ்சில் நாட்டு அங்கத்தினர்கள் கவனிக்கவும்.

சென்ட் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியாது. 1620-ல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளச் சங்கிலியில் 100 கண்ணி வைத்தார். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதாவது ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒரு பங்கு, ஆயிரம் சதுரக் கண்ணி, ஒரு சென்ட். கண்ணியில் அளந்து பெருக்கி, கடைசி மூன்று இலக்கத்தைத் தள்ளினால் சென்ட் கிடைத்துவிடும். காகிதமும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவனுக்கு இதைவிட உபகாரம் வேண்டுமா?

சர்க்கார் சர்வேயர்கள் வயலைச் சுற்றி மட்டும் அளக்கவில்லை. நடுவே குறுக்காக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்துத் தூரம் எடுத்தார்கள். இதனால் வயல் முழுக்க முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் தெரிந்தால் வடிவம் நின்றுவிடும், அசையாது. நான்கு பக்கம் உள்ளதற்கு அந்த ஸ்திரம் கிடையாது. பழைய கயிற்றுக் கட்டிலின் சட்டத்தை மூலையில் தள்ளிப் பாருங்கள். சட்டங்களின் நீளம் மாறாது, கட்டில் மட்டும் கோணிக்கொண்டு ஒடுங்கும். உள்ளே இருக்கும் இடமும் குறையும்.

பாஸ்கராசாரியர் 1150-ல் லீலாவதியில் இதைக் கடுமையாகவே சொல்லியிருக்கிறார். குறுக்குக் கோட்டையோ லம்பத்தையோ சொல்லாமல் ஒரு நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்கிறார். அதற்குப் பதில் சொல்ல உட்காருகிறவன் அவனிலும் மோசம் என்கிறார். குறுக்குக் கோட்டுக்குச் சம்ஸ்கிருதத்தில் கர்ணம் என்று பெயர். நம் கிராமக் கணக்குப்பிள்ளையும் கர்ணம்தான். இரண்டுக்கும் மூலச் சொல் வேறு. ஆனாலும் கர்ணம் இல்லாமல் நிலக்கணக்கு இல்லை என்பது இரண்டு அர்த்தத்திலும் பொருந்துகிறது.

பறம்பில் நடந்தது

இனி எங்கள் பறம்புக்கு வருகிறேன். பேரன் டேப்பைப் பிடித்தான். வடக்கு 80 அடி, கிழக்கு 102, தெற்கு 87, மேற்கு 109.

"தாத்தா, நாலு பக்கமும் தெரியறதே. எதிர் எதிர் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கிடலாமே!" என்றான்.

போட்டான். வடக்கு-தெற்கு சராசரி 83.5, கிழக்கு-மேற்கு சராசரி 105.5. பெருக்கினால் 8,809 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 20.22 சென்ட். பாகப்பத்திரத்தில் இருந்த 20 சென்ட்!

எனக்குக் கை கால் ஓடவில்லை. வேலி நகரவே இல்லையா? அப்படியானால் எழுபதுகளில் வந்தவர் சொன்ன பத்தொன்பது? "கொஞ்சம் பொறுடா, கர்ணத்தை அளக்கலையே" என்றேன். அளக்கவும் முடியவில்லை. நடுவில் கிணறும், இடிந்த மாட்டுக்கொட்டிலும், புதரும். டேப் நேராகப் போகாது.

அங்கேதான் ஆரியபடர் வந்தார். வடமேற்கு மூலையில் நின்று, வடக்கு எல்லையில் 20 அடி, மேற்கு எல்லையில் 20 அடி அளந்து இரண்டு முளை அடித்தோம். இரண்டு முளைக்கும் நடுவே அளந்தால் 23 அடி. இதுதான் நாண். பாதி நாண் 11.5. அதை 20-ஆல் வகுத்தால் 0.575. இதுவே பாதிக் கோணத்தின் சைன். அட்டவணையைப் பார்த்தால் பாதிக் கோணம் 35 பாகைக்குச் சற்று மேல். ஆகவே மூலைக் கோணம் 70 பாகைக்குச் சற்று மேல். எதிர் மூலையான தென்கிழக்கிலும் இப்படியே செய்தோம். நாண் 23 அடி 5 அங்குலம், கோணம் சுமார் 71.7 பாகை. கண்ணுக்கு ஏறக்குறைய நேர்மூலை என்று தோன்றிய இரண்டும் நேர்மூலை அல்ல.

இரண்டு பக்கங்களைப் பெருக்கி, பாதியாக்கி, நடுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் முக்கோணத்தின் பரப்பு. வடமேற்கு முக்கோணம் சுமார் 4,103 சதுர அடி, தென்கிழக்கு முக்கோணம் 4,212. கூட்டினால் 8,315 சதுர அடி. அதாவது 19 சென்ட்டும் கொஞ்சமும்.

பேரன் முகத்தில் சந்தேகம். "இரண்டு கணக்குல எது சரி?"

"நீ போட்ட கணக்கு, நாலு மூலையும் நேர்கோணம்னு நினைச்சுண்டு போட்டது. நேர்கோணத்துக்கு சைன் ஒண்ணு. மத்த எந்தக் கோணமானாலும் ஒண்ணுக்குக் குறைச்சல்தான். அதனால அந்தக் கணக்கு எப்பவும் கூடுதலாத்தான் காட்டும். குறைச்சலாக் காட்டவே காட்டாது" என்றேன்.

இந்தச் சராசரிக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் பொறித்த நிலக்கணக்கிலும் இதே வழிதான். 628-ல் பிரம்மகுப்தர் இதை 'ஸ்தூலம்' என்று தனியே சொல்லி, சூக்ஷ்மமான வழியை வேறாகக் கொடுத்தார். அந்த சூக்ஷ்ம வழியும் நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் நிற்கும் நாற்கரத்துக்குத்தான் பொருந்தும். அதைப் போட்டால் எங்கள் பறம்புக்கு 20.19 சென்ட் வருகிறது. இந்த நான்கு நீளங்களுக்குள் அடங்கக்கூடிய உச்ச அளவு அவ்வளவுதான். கோணினால் அதிலிருந்து குறைந்துகொண்டே போகும்.

ஆக, நடந்தது இது. பெரிய சர்வே நம்பரைச் சர்க்கார் கர்ணம் போட்டு ஒழுங்காகவே அளந்திருந்தது. அதைச் சகோதரர்களுக்குள் பிரித்தபோது பத்திரம் எழுதியவர் நான்கு பக்கத்தை மட்டும் அளந்து, சராசரி போட்டு, இருபது என்று எழுதிவிட்டார். அந்தச் சென்ட் என்றைக்குமே பூமியில் இருந்ததில்லை. காகிதத்தில் பிறந்து, காகிதத்திலேயே இருந்தது. அப்பா அதைக் கிழக்கு வேலியில் தேடினார்.

பிறகு முறைப்படி மனு கொடுத்து சர்வேயரையும் வரவழைத்தோம். அவர் டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளந்து கொடுத்தது 7.73 ஆர். ஒரு ஆர் 2.47 சென்ட். பெருக்கிப் பாருங்கள், 19.1 சென்ட். டேப்புக்கும் கருவிக்கும் வித்தியாசம் ஒரு சென்ட்டில் நூறில் இரண்டு மூன்று பங்குகூட இல்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கிழக்கு வீட்டுக்குப் போனேன். பெரியவர் இல்லை, காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மகன் இருந்தார், என் வயதுதான். திண்ணையில் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். "எங்க அப்பா உங்க அப்பாவைத் தப்பா நினைச்சுட்டார். அவர் இருந்து சொல்ல வேண்டியதை நான் சொல்றேன், மன்னிக்கணும்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தங்கள் ஆதாரத்தை எடுத்து வந்தார். அதில் 22 சென்ட். "சேட்டா, எங்களுக்கும் அளந்தால் இருபத்தொன்றுக்கு மேல் வராது. அச்சன் சாகும்வரை உங்கள் பக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார்.

ஒரே கை எழுதிய இரண்டு பத்திரம். இரண்டு பக்கமும் ஒரு சென்ட் குறைவு. இரண்டு வீடும் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்துக்கொண்டு நாற்பது வருஷம்.

அங்கத்தினர்களுக்கு

வெளியூரில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பத்திரத்தில் எழுதிய சென்ட்டையும் பூமியில் இருக்கும் சென்ட்டையும் ஒன்று என்று நினைக்காதீர்கள். பழைய பாகப்பத்திரமானால் இன்னும் ஜாக்கிரதை. அளவுக்கும் எல்லைக்கும் முரண்பாடு வந்தால், எல்லையைத் தெளிவாகச் சொல்லியிருக்கும் இடத்தில் கோர்ட்டுகள் பொதுவாக எல்லைக்கே மதிப்புக் கொடுக்கின்றன.

தமிழ்நாட்டில் நிலம் இருப்பவர்கள் எஃப்.எம்.பி. என்னும் புலப்படத்தை இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். அதில் குறுக்குக் கோடும் அளவுகளும் இருக்கும். கேரளத்தில் 2022 நவம்பர் 1-ல் டிஜிட்டல் மறுஅளவை ஆரம்பித்து, 'என்டெ பூமி' என்ற பெயரில் வில்லேஜ் வில்லேஜாக நடந்து வருகிறது. உங்கள் வில்லேஜின் வரைவு ரிக்கார்டு வெளியாகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் இருந்தால் இறுதி விளம்பரத்துக்கு முன் சொல்லிவிடுவது சுலபம். அதற்குப் பின் அலைச்சல் அதிகம். கரம் கட்டிய ரசீது, முன்னாதாரம், போக்குவரவு செய்த காகிதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.

அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிடுங்கள். டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் குறுக்கே ஒரு கோடும் அளந்துவிடுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

பறம்பை இன்னும் விற்கவில்லை. தம்பிக்கும் இப்போது அவசரமில்லையாம். போன ஓணத்துக்குக் கிழக்கு வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் பாயசம் வந்தது. வேலியில் ஒரு ஆள் போகும்படி வழி விட்டிருக்கிறோம்.